பழைய இரும்பில் பிறந்த பறக்கும் கார்கள்!

கையில் காசு இல்லை. ஆனாலும் ஊரில் உள்ள எல்லாக் கார்களையும் முந்த வேண்டும்! இப்படி ஒரு ஆசை வந்தால் என்ன செய்வது?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில வாலிபர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர்கள் நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள்!

அது 1930-ம் ஆண்டுகளில் நடந்தது. உலகம் எங்கும் பஞ்சம். அமெரிக்காவிலும் வேலை இல்லாத் திண்டாட்டம். புதுக் கார் வாங்க முடியாது. பழைய காருக்கோ பஞ்சமே இல்லை. ஹென்றி போர்டு என்ற தொழில் அதிபர் 1908 முதல் 1927 வரை "டி" மாடல் என்ற ஒரே வகைக் காரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து குவித்திருந்தார். அவற்றில் பல, தோட்டத்து மூலையிலும் இரும்புக் கடையிலும் துருப்பிடித்துக் கிடந்தன. சில டாலர் கொடுத்தால் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விடலாம்.

வாலிபர்கள் முதலில் மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். பிறகு பானெட், முன் கண்ணாடி, பின் இருக்கை ஒவ்வொன்றாகப் போயிற்று. பாரம் குறையக் குறைய வேகம் கூடும் அல்லவா? எஞ்சின், நான்கு சக்கரம், உட்கார ஒரு பலகை. அவ்வளவுதான் கார்!

பார்ப்பவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஓடும்போது அது பணக்காரர் வீட்டுக் காரை முந்தியது. இப்படி மாற்றிய கார்களுக்குப் பின்னால் "ஹாட் ராட்" என்று பெயர் ஏற்பட்டது.

எட்டு சிலிண்டர் வந்தது!

1932-ம் ஆண்டில் போர்டு இன்னொரு அதிசயம் செய்தார். அதுவரை எட்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் பெரும்பாலும் செல்வர்கள் கார்களில்தான் இருக்கும். அதை அவர் சாதாரணக் காரில் வைத்து விட்டார். ஒரு பக்கம் நான்கு, மறு பக்கம் நான்கு. 65 குதிரை சக்தி! இந்தக் காரில் மலிவான ரகத்தின் விலை 500 டாலருக்கும் குறைவு.

சில ஆண்டுகளில் இந்தக் காரும் பழைய கார் ஆயிற்று. வாலிபர்கள் கைக்கு வந்தது. வேடிக்கை ஆரம்பமாயிற்று.

எஞ்சினுக்கு வலு ஏற்றுவது எப்படி? கேட்டால் கடினமாகத் தோன்றும். ஆனால் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம்தான்.

பட்டாசு மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தினால் "புஸ்" என்று எரிந்து போகும். அதே மருந்தை இறுகக் கட்டிக் கொளுத்தினால் "டமார்!" எஞ்சினுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை இறுக்கிப் பிறகு கொளுத்துகிறார்கள். இறுக்கம் கூடினால் வலு கூடும். அதற்காக எஞ்சினின் மேல் மூடியைச் சிறிது இழைத்து எடுத்தார்கள். மூடி தாழ்ந்ததும் ஆவிக்கு இடம் குறைந்தது. அடி பலமாயிற்று!

அடுத்தது கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கருவி இது. ஒரு வாயால் உண்பவன் இரண்டு வாயால் உண்டால் எப்படி இருக்கும்? வாலிபர்கள் ஒன்றுக்கு இரண்டு கார்புரேட்டர் வைத்தார்கள். சிலர் மூன்று வைத்தார்கள். புகை தடை இல்லாமல் வெளியேறத் தனித்தனிக் குழாய் போட்டார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. போர்டின் அந்த எஞ்சினில், எரிந்த புகை எஞ்சினின் உடல் வழியாகச் சுற்றித்தான் வெளியே வரும். அதனால் சும்மாவே சூடாகும். வலுவை ஏற்றியதும் தண்ணீர் கொதித்துப் பொங்கியது! பாதி வழியில் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும் காரும், பக்கத்தில் வாளியோடு நிற்கும் வாலிபனும் அந்நாளில் சாதாரணக் காட்சி.

தலைகீழாக எழுதிய ஊர்

சரி, கார் தயார். எங்கே ஓட்டுவது?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து ஏறக்குறைய 100 மைல் தூரத்தில் மொஹாவி பாலைவனம் இருக்கிறது. அங்கே முரோக் என்று ஓர் இடம். காரம் என்ற குடும்பத்தார் அங்கே முதலில் குடியேறினார்கள். அவர்கள் பெயரையே ஊருக்கு வைக்கப் பார்த்தார்கள். அது முடியாமல் போகவே, ஆங்கிலத்தில் தங்கள் பெயரைத் தலைகீழாக எழுதி ஊர்ப் பெயர் ஆக்கிவிட்டார்கள்!

அந்த ஊரில் ஒரு பெரிய ஏரி. நீளம் 12 மைல். ஆனால் ஆண்டில் பல மாதம் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இராது. மாரிக் காலத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். காற்று அந்தத் தண்ணீரை இங்கும் அங்கும் தள்ளும். கொத்தனார் மட்டப் பலகையால் தேய்ப்பதுபோல் சேறு சமமாகும். வெயில் வந்ததும் இறுகிவிடும். சிமெண்டுத் தரை தோற்றுப் போகும்!

வாலிபர்கள் சனிக்கிழமை இரவே புறப்படுவார்கள். காரின் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவார்கள். காற்றுக் கிளம்புமுன் விடியற்காலையில் ஓட்டம் தொடங்கிவிடும்.

ஆரம்ப நாட்களில் பல கார்கள் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் பாய்ந்தன. முன்னால் போனவன் தப்பினான். பின்னால் வந்தவனுக்குக் கண் முன்னே புழுதிச் சுவர்! யார் எங்கே என்று தெரியாது. மோதல் நடந்தது. உயிரும் போயிற்று.

இப்படியே விட்டால் சர்க்கார் ஏரியைப் பூட்டிவிடும் என்று பயந்தார்கள். 1937-ம் ஆண்டில் சில கார்ச் சங்கங்கள் கூடித் தென் கலிபோர்னியா நேரக் கணிப்புச் சங்கத்தை அமைத்தன. காரைச் சோதித்த பிறகே ஓட விடுவது என்று விதி வந்தது. நாளடைவில், ஒருவர் பின் ஒருவராக ஓடிக் கடிகாரத்தோடு போட்டி போடும் முறை நிலைத்தது. எதிரி பக்கத்துக் காரில் இல்லை. கடிகாரத்தில் இருக்கிறான்!

பரிசு என்ன தெரியுமா? ஒரு சிறு பித்தளைத் தகடு. அதில் ஓட்டியவர் பெயரும் வேகமும் இருக்கும். அதைக் காருக்குள் எல்லோர் கண்ணிலும் படும்படி அறைந்து கொள்வார்கள். அந்தத் தகட்டுக்காக மாதக் கணக்கில் கையில் கிரீஸ் பூசிக் கொண்டவர்கள் பலர்.

விக் எடல்பிராக் என்பவர் கார் பழுது பார்ப்பவர். அவரிடம் 1932-ம் ஆண்டு போர்டு கார் ஒன்று இருந்தது. வார நாளில் குடும்பத்தோடு வெளியே போவதும் அதே காரில்தான். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனதும் விளக்கு, கண்ணாடி, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றுவார். ஓட்டம் முடிந்ததும் திரும்ப மாட்டுவார். வீட்டுக்குப் போவார். தானே வடிவமைத்த குழாயில் இரண்டு கார்புரேட்டரைப் பொருத்தி, 1941 நவம்பரில் மணிக்கு 121 மைல் (195 கிலோ மீட்டர்) வேகம் போனார். பின்னால் அந்தக் குழாயே பெரிய தொழிலாக வளர்ந்தது.

கார் ஓட்டிய வேதா

எடல்பிராக் அப்படி ஓடிய மறு மாதமே பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. அமெரிக்கா உலகப் போரில் குதித்தது. டயருக்குக் கட்டுப்பாடு. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு. வாலிபர்கள் பட்டாளத்தில் சேர்ந்து கடல் கடந்து போய்விட்டார்கள். கார்கள் கொட்டகையில் தூங்கின.

இந்தச் சமயத்தில்தான் வேதா ஆர் என்ற பெண்மணி முன் வந்தார். பெயரைப் பார்த்து நம் ஊர்ப் பெண் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கப் பெண்தான்! அவர் கணவரும் கார்ப் பித்தர். வேதாவே வறண்ட ஏரியில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டியவர். ஆண்களே நிறைந்திருந்த சங்கத்தில் ஓட்ட அனுமதி பெற்ற பெண் அவர்.

போர்க் காலத்தில் அவர் சங்கத்தின் செய்தித் தாளைத் தொடர்ந்து நடத்தினார். பசிபிக் தீவிலும் ஐரோப்பாவிலும் இருந்த நூற்றுக் கணக்கான சிப்பாய்களுக்கு அதைத் தபாலில் அனுப்பினார். யார் எங்கே இருக்கிறார், யார் காயம் பட்டார், யார் திரும்பவில்லை என்ற செய்திகள் அதில் வந்தன. கூடவே கார் பற்றிய பேச்சு.

குண்டு விழும் இடத்தில் இருப்பவனுக்குக் கார்ச் செய்தி எதற்கு என்று கேட்கலாம். வீட்டுக் கொட்டகையில் பாதி முடிந்த கார் ஒன்று காத்திருக்கிறது என்ற நினைவு அவனுக்கு எவ்வளவு பெரிய துணை! போர் முடிந்ததும் வேதா, ஏரியில் ஓடிய கார்களின் படங்களையும் வேகப் பட்டியலையும் சேர்த்துப் புத்தகமாகவே போட்டார்.

சிப்பாய்கள் திரும்பினார்கள். சும்மா திரும்பவில்லை. விமான எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கைகளோடு திரும்பினார்கள். பில் பர்க் என்பவர் பசிபிக் பகுதியில் இருந்தபோது, போர் விமானத்தின் அடியில் தொங்கும் பெட்ரோல் தொட்டியைப் பார்த்தார். மீன் போன்ற உருவம். காற்றை வழுக்கிக் கொண்டு போகும். 'இதற்குச் சக்கரம் வைத்தால் என்ன?' என்று தோன்றியது. 1946-ல் வேண்டாத தொட்டி ஒன்றை வாங்கிச் சக்கரம் வைத்தே விட்டார்! இன்றும் அந்த மாதிரிக் கார்கள் ஓடுகின்றன.

முரோக் ஏரி மட்டும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதை ராணுவம் எடுத்துக் கொண்டது. 1947 அக்டோபரில் ஒலியை விட வேகமாக மனிதன் முதலில் பறந்தது அங்கேதான். கார்க்காரர்கள் எல் மிராஜ் என்ற வேறொரு வறண்ட ஏரிக்குப் போனார்கள்.

படிக்கட்டில் விற்ற பத்திரிகை

எல்லோரும் ஏரி வரை போவார்களா? பலர் ஊர்த் தெருவிலேயே பந்தயம் விட்டார்கள். இரவில் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு மாறியதும் சீறும். தெருவில் நடந்தவர்கள் அலறி ஓடினார்கள். விபத்து நடந்தது. பத்திரிகைகள் திட்டின. போலீசார் பிடித்து அபராதம் போட்டார்கள். "ஹாட் ராட்" என்றாலே போக்கிரி என்று பெயர் ஆயிற்று. பத்திரிகைகள் திட்டியதில் தவறு இல்லை. தெரு என்பது பள்ளிப் பிள்ளை நடக்கும் இடம்.

இந்தக் கெட்ட பெயரைப் போக்க, நேரக் கணிப்புச் சங்கத்தார் 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு பொருட்காட்சி நடத்தினார்கள். "எங்கள் வேலையை வந்து பாருங்கள்" என்று ஊராரை அழைத்தார்கள்.

வாசல் படிக்கட்டில் ராபர்ட் பீட்டர்சன் என்ற 21 வயது வாலிபர் நின்றார். சினிமாக் கம்பெனி விளம்பரப் பிரிவில் இருந்த வேலை போய்விட்டது. அவரும் ஒரு நண்பரும் சேர்ந்து "ஹாட் ராட்" என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை அச்சிட்டிருந்தார்கள். விலை 25 சென்ட். உள்ளே வைத்து விற்க இடம் கிடைக்கவில்லை. படிக்கட்டிலேயே கூவி விற்றார்கள்!

அந்தப் பத்திரிகை நாடு முழுவதும் பரவியது. பீட்டர்சன் பெரிய செல்வர் ஆனார். 1994-ல் அவர் பெயரால் அதே நகரில் ஒரு கார்க் காட்சிச்சாலையே திறக்கப்பட்டது.

அதில் அப்படி என்ன இருந்தது? படம்! காரின் படம். எஞ்சினின் படம். அடிப்பகுதியின் படம். கூடவே, எந்தக் காரின் எந்த உறுப்பை எடுத்து எங்கே பொருத்தினார்கள் என்ற விவரம்.

இதற்கு முன் ஒரு சிற்றூர் வாலிபனுக்குத் தன் கொட்டகைதான் உலகம். பத்திரிகை வந்ததும் ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள கொட்டகை அவன் கண் முன்னே வந்தது. பெட்ரோல் பங்கில் நாலு பேர் கூடிப் படத்தைப் பார்ப்பார்கள். "எத்தனை கார்புரேட்டர்?" "முன் அச்சை எப்படித் தாழ்த்தினான்?" என்று விவாதம் நடக்கும். மறுநாளே ஒருவன் செய்து பார்ப்பான். சரியாக வந்தால் அவனும் படம் எடுத்து அனுப்புவான்.

தெரியாதவனுக்கு எல்லாப் படமும் ஒன்றுதான். பழகிய கண்ணோ படத்தைப் புத்தகம்போல் படிக்கும். பின் சக்கரம் பெரிது, முன் சக்கரம் சிறிது, கார் முன்னால் குனிந்து நிற்கிறது. காரணம் என்ன? பின் சக்கரம் பெரிதானால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது கார் அதிக தூரம் போகும். கூரை பாதி உயரத்துக்குத் தாழ்ந்திருக்கிறதா? கூரையைத் தாங்கும் தூண்களில் மூன்று, நான்கு அங்குலத் துண்டை அறுத்து எடுத்து விட்டு மறுபடி பற்ற வைத்திருக்கிறார்கள். காற்றுத் தடை குறையும். அறுத்த இடத்தில் தழும்பு தெரிகிறதா? தெரிந்தால் கை பழகவில்லை. தெரியாவிட்டால், "அடடா!" என்று தலை அசைப்பார்கள்.

1953-ல் "ராட் அண்ட் கஸ்டம்" என்ற இன்னொரு பத்திரிகை வந்தது. கைக்கு அடக்கமான சிறு அளவு. பள்ளிப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படிக்க மிகவும் வசதி. வாத்தியார்கள் பாடு திண்டாட்டம்!

பந்தயம் நடத்திய போலீஸ்காரர்

பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் வாலி பார்க்ஸ். தெருப் பந்தயத்தைத் திட்டினால் மட்டும் போதாது, ஓட்டுவதற்கு வேறு இடம் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார்.

அதற்கு ஓராண்டு முன்பே, சாண்டா அனா என்ற ஊரின் விமான நிலையத்தில் ஞாயிறு தோறும் நேர்ப் பந்தயம் ஆரம்பித்திருந்தது. கால் மைல் தூரம். அதாவது 402 மீட்டர். இரண்டு கார் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். முடிவில் யார் முந்தியவர்? அவ்வளவுதான்.

1954-ல் சங்கம் ஒரு சிறு குழுவை ஊர் ஊராக அனுப்பியது. குழுத் தலைவர் யார் தெரியுமா? பட் கூன்ஸ் என்ற போலீஸ் சார்ஜண்டு! பந்தயம் விட்டவர்களைப் பிடித்து வந்தவர், இப்போது பந்தயம் நடத்தக் கற்றுக் கொடுத்தார். எங்கே கோடு போடுவது, ஜனங்களை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது, காரை எப்படிச் சோதிப்பது என்று விளக்கினார். தெருவில் ஓடிய பலர் திடலுக்கு வந்தார்கள்.

(இந்தக் கதையைப் படித்து நம் வாலிபர்கள் உடனே காரை அறுக்கக் கிளம்பிவிடக் கூடாது. நம் நாட்டில் பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டம்போல் மாற்றக் கூடாது என்பது சட்டம். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.)

500 டாலர் கார், 21 லட்சம் டாலர்!

வேகத்துக்காக மட்டும் அல்ல, அழகுக்காகவும் காரை மாற்றியவர்கள் உண்டு. பாப் ஹிரோஹட்டா என்பவர் ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர். போரின்போது ஜப்பானிய வம்சத்தார் பலரைச் சொந்த நாடே முகாம்களில் அடைத்து வைத்தது. போர் முடிந்த சில ஆண்டுகளில் இவர் 1951-ம் ஆண்டு மெர்க்குரி கார் ஒன்றைப் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் கொடுத்தார். அவர்கள் கூரையைத் தாழ்த்தினார்கள். பக்கத் தூணை நீக்கினார்கள். இரண்டு பச்சை நிறம் பூசினார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. அமெரிக்கா முழுவதும் பேச்சாயிற்று.

ஆனால் மோகம் மாறும் அல்லவா? 1959-ல் ஒரு மாணவர் அந்தக் காரை 500 டாலருக்கு வாங்கினார். அதிலேயே பள்ளிக்குப் போனார். பிறகு அது பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்தது. அவர் விற்கவில்லை. நெடுநாள் உழைத்துப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார். 2017-ல் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்ந்தது. 2022 ஜனவரியில் ஏலத்தில் 21 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று!

கரையும் உப்பு

ஏரியும் போதவில்லை என்றபோது, 1949 ஆகஸ்டில் இவர்கள் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்பு வெளிக்குப் போனார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை உப்பு. அலெக்ஸ் சிடியாஸ், டீன் பாச்சலர் என்ற இருவர் கொண்டு வந்த கார், அந்த முதல் வாரத்திலேயே மணிக்கு 193 மைல் (311 கிலோ மீட்டர்) வேகம் காட்டியது. 1960-ல் மிக்கி தாம்ஸன் நான்கு எஞ்சின் பூட்டிய காரில் 406 மைல் வேகத்தில் பறந்தார். ஆனால் சாதனை என்று பதிவாக, திரும்பி ஒரு தடவை ஓட வேண்டும். திரும்பும்போது வண்டி பழுதாகிவிட்டது. பாவம், பட்டியலில் இடம் இல்லை!

இன்றும் ஆகஸ்டு வந்தால் அங்கே கார்கள் கூடுகின்றன. அன்று பத்திரிகைக்குத் தபாலில் போன படம், இன்று செல்போனில் ஒரு நொடியில் உலகைச் சுற்றுகிறது. விவாதமும் அப்படியே நடக்கிறது. "எத்தனை கார்புரேட்டர்?"

ஆனால் உப்பு குறைந்து கொண்டே வருகிறது. அருகில் உரத்துக்கான பொட்டாஷ் எடுக்கிறார்கள். அதற்காக உப்பு நீர் இழுக்கப்படுவதே காரணம் என்று ஓட்டுபவர்கள் குறை கூறுகிறார்கள். கரைத்த உப்பை மறுபடி வெளியில் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். ஈரத்தாலும் உப்பின் நிலை கெட்டதாலும் 2014, 2015, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஓட்டமே நடக்கவில்லை. ஓராண்டு உழைத்துத் தயார் செய்த கார்கள் திரும்பிக் கொட்டகைக்குப் போயின.